கெடிலம் ஃபோரின் புதுப் பாட்டு

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "குமார் பாடுறத விட்டுட்டாராமே, ஏன்?" ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் புயல் அடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் ஆனந்த் பேசினான். நாங்கள் இருக்கும் லீட்ஸ் நகரத்துக்கு ஒரு பழைய ராக் குழு வருகிறதாம். அப்பாவின் பிறந்தநாளுக்காக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான். அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எழுபதுகளில் சிதம்பரத்து விடுதிகளில் டேப் தேயத் தேயக் கேட்ட குழு. நால்வரில் இருவர்தான் இன்று உயிரோடு. இருவருமே கிழவர்கள். புதிதாக ஓர் ஆல்பமும் போட்டிருக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரர் குமார் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம்னு சொல்லு. யாருக்காவது குடுத்துடச் சொல்லு."

"சும்மா உக்காந்து கேக்கறதுக்கு என்னங்க?"

"வேணாம்னா வேணாம் ஸ்டெல்லா."

ஆனந்த் லைனில்தான் இருந்தான். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவன் ஆகஸ்டில் எங்களோடு ஊருக்கு வரவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றான். கிடைத்திருந்தாலும் வந்திருப்பானா என்பது வேறு விஷயம்.

2

எனக்குக் கடலூர் ஓல்டு டவுன். அண்ணன் ஆரோக்கியராஜ் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துப் பழகி, பாண்டிச்சேரியிலிருந்து வந்த கேசட்டுகளைப் போட்டுப் போட்டு ராக் வாசிக்கக் கற்றுக்கொண்டார். குமார் என்கிற குமரவேல் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர், கரும்பும் மல்லாட்டையும் பயிரிடுகிற குடும்பம். சிதம்பரத்தில் படிக்க வந்தவரிடம் ஒரு குரல் இருந்தது. யாரோ ஒருவன் இருவரையும் சேர்த்துவைத்தான். டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர் சேர, எங்கள் ஊர் ஆற்றின் பெயரில் 'கெடிலம் ஃபோர்' ஆயிற்று. குமாருக்கும் கிட்டார் சொல்லிக்கொடுத்தது அண்ணன்தான்.

விடுதி தினம், கல்லூரி விழா, நெய்வேலியில் பெரிய அதிகாரிகளின் கிளப், கடலூரில் கிறிஸ்தவக் கல்யாணங்கள். வாசித்ததெல்லாம் மற்றவர்களின் ஆங்கிலப் பாட்டுகள். சொந்தமாக ஒன்றுகூட இல்லை. அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஒரு பாட்டின் ஆரம்பத்தை அண்ணன் கிட்டாரில் எடுத்ததுமே விடுதி முழுக்க எழுந்து நிற்கும். குமார் மைக்கைப் பிடித்தால் அடங்காது. நானும் அப்படி எழுந்து நின்றவள்தான். வீட்டில் மதம் பார்த்துப் பேச்சு நடந்தபோது, "என் மச்சானுக்கு என்னா கொறச்சல்?" என்று நின்றவர் அண்ணன்.

கல்யாணத்துக்குப் பிறகு குழு கலைந்தது. அண்ணன் அரசு அலுவலகத்தில் கிளார்க். குமார் சிதம்பரம் கீழ வீதியில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்தார். நான் நர்ஸ். 2001இல் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. கடையை விற்றுவிட்டு என்னோடு வந்தார்.

இங்கே அவருக்குக் கிடைத்தது சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கும் வேலை. கடையில் நாள் முழுக்கப் பழைய பாட்டு ஓடும். எல்லாம் இவர் சிதம்பரத்தில் பாடியவை. ஒருநாள் இவர் கூடவே முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு சூப்பர்வைசர் பெண், "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாளாம். இவர் "ரேடியோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் வருடாவருடம் பாடச் சொல்வார்கள். முதல் தடவை கரோக்கே திரையில் வரிகள் ஓடின. பாடி முடித்து வந்தவரின் முகம் செத்திருந்தது.

"அந்த வரி அது இல்ல ஸ்டெல்லா. இத்தன வருஷமா நான் பாடுனது இங்கிலீஷே இல்ல."

டேப்பில் காதுக்கு விழுந்ததை அப்படியே பாடியிருக்கிறார். சிதம்பரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

3

2004 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அண்ணன் காலைப் பூசைக்குப் போயிருந்தார். கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னார்கள். கோயில் பையன்களோடு வேனில் தேவனாம்பட்டினம் பக்கம் போனார். அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு. அடுத்த சில நாட்கள் அவர் செய்த வேலை, வராந்தாவில் கிடத்தியிருந்த பிள்ளைகளின் முகத்துத் துணியை விலக்கிக் காட்டுவது, மூடுவது. தேடி வருகிறவர்கள் இல்லை என்று தலையாட்டினால் அடுத்தது. ஆமாம் என்று விழுந்தால் பிடித்துக்கொள்வது.

பிறகு வெகுநாள் கிட்டாரைத் தொடவில்லை. அண்ணி இறந்தபோதுகூட அப்படி இருந்தவரில்லை. அவருடைய மகள் பெங்களூரிலிருந்து பேசி அழுதாள். ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபோன் செய்து, "ஒரு பாட்டு கட்டியிருக்கேன், கேக்கறியா?" என்றார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். அதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

தமிழ்ப் பாட்டு. கிட்டாரில் கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற கார்டு இரண்டே இரண்டு, அதுவும் விட்டு விட்டு. 'அலை திரும்பிப் போன பிறகும் கரை எழுந்திருக்கல' என்று ஆரம்பிக்கும். ஸ்பீக்கரில் போட்டேன். ஆனந்த் படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "என்ன கறை? சோப்பு போட்டால் போகாதா?" என்றான். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் காதுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். கடற்கரை என்று விளக்கினேன். "ஓ" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

குமார் தட்டு கழுவும்போது, "சுருதி சேரல" என்றார்.

அன்று ஆரம்பித்தது நிற்கவில்லை. அண்ணன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை கட்டி, மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்து, பாட்டுக்கு மேல் பாட்டு. சி.டி.யாக வந்தது, பிறகு மெயிலில் வந்தது. ஊரில் பத்துப் பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். பழைய பாட்டு வாசிக்கச் சொன்னால், "அதுக்குத்தான் கேசட் இருக்கே" என்பார்.

4

இருவருக்கும் வாரம் தவறாமல் ஃபோனில் சண்டை. சண்டை எல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்களைப் பற்றி.

2008இல் ஆனந்த் எங்களை மான்செஸ்டரில் ஒரு கச்சேரிக்கு இட்டுப்போனான். மேடையில் பெரிய பெயர். அறுபது தாண்டியும் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடி ஓடிப் பாடினார். பழைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் அரங்கம் அதிர்ந்தது. நடுவில், "இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து" என்றார். வரிசை வரிசையாக எழுந்து பியர் வாங்கவும் கழிப்பறைக்கும் போனார்கள். குமாரும், "இப்பவே போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். அந்த மனிதர் காலியான நாற்காலிகளைப் பார்த்துப் பாடினார். ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றார். எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. சொல்லவில்லை.

அடுத்த வருடம் இன்னொருவர். இவரும் அதே காலத்து ஆள்தான். குரல் போய், சரளைக்கல் மேல் சைக்கிள் போகிற மாதிரி இருந்தது. முழுக்க முழுக்கப் புதுப் பாட்டு. பாதிக்கு மேல் சாவைப் பற்றி. கடைசியில் பாடிய ஒரே பழைய பாட்டையும் மெட்டு மாற்றிப் பாடியதில் முடியும்வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

குமாருக்குக் கோபம். வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"காசு குடுத்து வந்தவன ஏமாத்துறான் மச்சான். பாட்டுன்னா இருவது வயசுல வரணும். அப்புறம் வர்றதெல்லாம் இருமல்."

அண்ணன் சிரித்தது எனக்கே கேட்டது. "நீ சொன்ன மொதல் ஆளு நல்லவந்தான். ஆனா அவன் தன்னோட பழைய போட்டோவுக்கு மால போட்டுனு ஊர் ஊராப் போறான். ரெண்டாவது ஆளு இன்னும் உயிரோட கீறான்."

"ஜனங்க எதக் கேக்கறாங்க?"

"ஜனங்க கேக்கறத உடு. இருவது வயசுல கோவம் இருந்துச்சி, அத வச்சிப் பாடுனோம். அதுவும் அடுத்தவன் கோவம். இப்ப நம்மகிட்ட என்னா இருக்கு? யாரு யாரு இல்லன்னு தெரியும். அத வச்சித்தான் பாடணும்."

"எனக்கு அதெல்லாம் வராது மச்சான்."

"ஒருநாளு உக்காந்து பாத்தியா?"

குமார் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அண்ணனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கார் நிறுத்தும் கொட்டகையில், நான் வேலைக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி நிறுத்தியதை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த வரி வரவேயில்லை.

2010இல் அண்ணனை இங்கே வரவழைக்க முயன்றேன். விசா ஏஜென்ட், "தொழில்ங்கற எடத்துல ரிட்டயர்டு கிளார்க்னு போடுங்க சார்" என்று தலைபாடாகச் சொல்லியிருக்கிறான். இவர் பிடிவாதமாக 'இசைக் கலைஞர்' என்று போட்டார். இசையால் வருமானம் வருவதற்கு ஆதாரம் இல்லை, திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி போடலாம் என்றேன். "கிளார்க்குன்னு போட்டு வர்றதுக்கு நான் எதுக்கும்மா வரணும்?" என்றார்.

5

போன வருடக் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல். விடிகிற நேரத்தில் கடலூரில் அடித்தது. நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டு ஃபோனை அழுத்திக்கொண்டே இருந்தோம். லைன் செத்துப்போயிருந்தது. புத்தாண்டு தாண்டித்தான், பெங்களூரிலிருந்து எப்படியோ போய்ச் சேர்ந்த அவருடைய மகள் பேசினாள்.

மாடி அறையின் ஷீட் பறக்க ஆரம்பித்ததும் அண்ணன் கம்ப்யூட்டரை எடுக்க ஓடியிருக்கிறார். இரும்புக் கதவைக் காற்று அறைந்தது. இடது கை நடுவில். தெருவெல்லாம் மரம் விழுந்து ஆட்டோ போக வழியில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். நடுவிரலும் மோதிர விரலும் போயின. சுண்டு விரல் மடங்கவில்லை. கிட்டார் வாசிப்பவனுக்கு இடது கைதான் எல்லாம்.

நான் ஃபோனில் அழுதேன். "இங்க மொத்த பலாத் தோப்பும் படுத்துனு கெடக்குது. எனக்கு ரெண்டு வெரல்தான?" என்றார்.

குமார் அன்று வேலைக்குப் போகவில்லை. தோட்டத்தில் நின்றுகொண்டேயிருந்தார். உள்ளே வந்து, "நம்ம போவணும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைத்தது.

6

அண்ணன் இளைத்திருந்தார். வாசல் பலா மரம் இல்லாமல் வீடு மொட்டையாக நின்றது. ஆனால் பாட்டை விடவில்லை. கை போன பிறகும் வாயாலேயே கட்டிவைத்திருந்தார். வந்து இறங்கிய அன்றே குமாரிடம் கேட்டார். "மச்சான், நான் சொல்ற எடத்துல நீ வெரல வையி. நீ என் கையா இரு. போதும்."

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவர்கள் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவதாக இருந்தார்கள். கெடிலம் ஃபோரை மறுபடி மேடையில் பார்க்க வேண்டுமாம். பழைய டிரம்மர் இறந்துவிட்டார், பேஸ் வாசித்தவர் இருக்குமிடம் தெரியவில்லை. நெய்வேலி ஆர்கெஸ்ட்ராவிலிருந்து இரண்டு பையன்களைப் பிடித்திருந்தார்கள். பழைய பாட்டென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, முதலில் அவருடைய புதுப் பாட்டு ஒன்று. அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் பாடிக்கொள்ளுங்கள், நான் இறங்கிவிடுவேன் என்றார்.

இரண்டு வாரம், ஷீட் மாற்றிப் போட்ட மாடி அறையில் பழகினார்கள். 'பலா மரம் விழுந்த வீட்டுல வெயிலு வந்து குடியிருக்கு' என்பது பாட்டு. மெட்டு நேராகப் போகாது, எதிர்பாராத இடத்தில் இறங்கும். அந்த இறக்கத்துக்கு ஒரு கார்டு. குமாரின் விரல் அதில் உட்காரவே மறுத்தது.

"அது இல்ல மச்சான். ஒரு கட்டம் கீழ."

"இதுவா?"

"அது நீ பழகுன கார்டு. இது வேற." மிச்சமிருந்த கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குமாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பியில் வைப்பார். வைத்து எடுத்ததும் அவை நகர்ந்துவிடும். நான் காபி கொண்டுபோன ஒரு மாலையில் குமார் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டார்.

"என் கை உன் கை இல்ல மச்சான்! எனக்கு வராதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

அண்ணன் கோபப்படவில்லை. "வரும். எனக்கே அம்பது வயசுக்கு மேலதான வந்துச்சி" என்றார். அவர் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று அந்தக் குரலில் அது இருந்தது. நான் அவரோடு சேர்ந்து முனகினால் என்னையும் திருத்துவார். "மூணாவது வரியில தூக்காத ஸ்டெல்லா, எறக்கு." ஒரு சுருதி பிசகினால் விடமாட்டார். கடைசி இரண்டு நாள் குமாருக்கு ஓரளவு வந்துவிட்டது. அண்ணன் எங்களுக்குத் தேவநாதபுரம் கடையில் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

7

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் தலை நரைத்த, வழுக்கை விழுந்த ஆண்கள், பட்டுப்புடவையில் மனைவிமார்கள். ஃப்ளெக்ஸில் நால்வரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். மதியச் சாப்பாட்டுக்கு முன் மேடை ஏறினார்கள்.

அண்ணன் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையில் மைக்கைப் பிடித்து, "இது புதுசு" என்றார்.  முதல் அடி நன்றாகவே போனது. சிலர் பேசிக்கொண்டார்கள், சிலர் செல்ஃபோனைப் பார்த்தார்கள். ஆனால் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அவர் எந்த ஊரோ, அவர் வீட்டில் எது விழுந்ததோ.

இரண்டாவது அடியில் அந்த இறக்கம் வந்தது. குமாரின் விரல் தவறியது. நின்றார். மறுபடி வைத்தார், தவறியது. நெற்றியில் வியர்வை. டிரம்ஸ் பையன் இவர் முகத்தைப் பார்த்தான். அண்ணன் கடைசிச் சொல்லை இழுத்துப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார், மூச்சு முடிகிற வரைக்கும்.

அப்போது குமாரின் கை தானாக ஓடியது. விடுதியில் எல்லாரையும் எழுப்பி நிறுத்திய அந்தப் பழைய பாட்டின் ஆரம்பம்.

மண்டபம் வெடித்தது. விசில், மேசைத் தட்டல். நரைத்த தலைகள் எல்லாம் எழுந்து நின்றன. குமார் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை என்று பிறகு சொன்னார், நான் நம்புகிறேன். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு இறங்கிப் போகாமல் மைக்கை வாயருகே கொண்டுபோய், அந்த ஆங்கிலப் பாட்டை, வருடக்கணக்காகத் தொடாத அந்தப் பாட்டை, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தார். அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் அவர் தோளைத் தட்டினார்கள். "அப்படியே இருக்குடா! கொஞ்சங்கூட மாறலடா!"

திரும்பும்போது கார் ஆலப்பாக்கத்தைத் தாண்டியிருந்தது.

"மச்சான், நான் வேணும்னு பண்ணல" என்றார் குமார்.

"தெரியும்டா. கை பழகுன வீட்டுக்குத்தான் போவும்."

"நாளைக்கி உக்காந்து மறுபடியும் பாக்கலாம்."

"போதும் மச்சான்." ஜன்னல் வெளியே பார்த்தபடி சொன்னார். "என்னா கைதட்டு பாத்தியா? அவுங்க கேட்டது அதான்."

குத்திக் காட்டும் தொனியே இல்லை. குத்தியிருந்தால் குமார் தாங்கியிருப்பார்.

8

லீட்ஸுக்கு வந்த பிறகு குமார் சங்கத்துக்காரர்களிடம் இனிமேல் பாட முடியாது என்று சொல்லிவிட்டார். கிட்டாரை ஆனந்த் வந்தபோது அவனிடம் கொடுத்தார். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, சுவரில் மாட்டியிருக்கிறான். கடையில் ரொட்டிப் பகுதியிலிருந்து மாற்றல் கேட்டு, பாட்டு கேட்காத பின்பக்கக் கிடங்குக்குப் போய்விட்டார். எங்களுக்குள் சண்டை இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேச்சும் இல்லை.

அண்ணன் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டார். வேலை தேடி வந்த இரண்டு பேர் தங்கியிருக்கிறார்களாம். புதிதாக ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். "இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்பார். பிறகு நெய்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் பழைய பாட்டு பாடக் கூப்பிட்டதாகவும் போய்வந்ததாகவும் சொன்னார்.

போன ஞாயிறு, டிக்கெட் பேச்செல்லாம் முடிந்து குமார் வெளியே போன பிறகு, அண்ணனைக் கூப்பிட்டேன். பேச ஒன்றும் தோன்றாமல், "அண்ணே, இதக் கேளு" என்று அந்தப் பலா மரப் பாட்டைப் பாடினேன். எனக்கு நல்ல குரல் இல்லை. ஆனால் பாட்டு மனப்பாடம். இரண்டு வரி சரியாகப் பாடிவிட்டு, மூன்றாவது வரியில் இறக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன், யார் காதுக்கும் தப்பு என்று தெரிகிற மாதிரி. பாடி முடித்துக் காத்திருந்தேன்.

அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது.

"நல்லாப் பாடுறியே" என்றார் அண்ணன். "அங்க குளிரு ஜாஸ்தியா?"